மூன்று புள்ளி, ஒரு கோடு

அத்தியாயம் 17

அண்ணி பேசாமல் இருந்து இன்றோடு ஒன்பதாவது நாள்.

பேசவில்லை என்றால் வாயே திறக்கவில்லை என்று அர்த்தமில்லை. "காபி மேஜை மேல இருக்குன்னு சொல்லுங்க" என்று அண்ணனிடம் சொல்வாள். அண்ணன் தலையைத் திருப்பி, இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும் தங்கையிடம், "காபி மேஜை மேல இருக்காம்" என்பான். காபி, மேஜை, தங்கை மூன்றும் ஒரே இடத்தில்தான் இருக்கும்.

அண்ணன் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். நாள் முழுக்கப் பேருந்தில் பயணிகளை ஏற்றி இறக்குவது போதாதென்று, வீட்டில் இப்படி வார்த்தைகளை ஏற்றி இறக்க வேண்டியிருந்தது.

"எனக்கு ஒரு சந்தேகம்," என்றான் அன்று காலை, செய்தித்தாளை மடித்தபடி. "நீங்க ரெண்டு பேரும் சமாதானம் ஆனா என்னை வேலையை விட்டு எடுத்துடுவீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை.

வீட்டில் அவளுக்கு வாண்டு என்றுதான் பெயர். இருபத்தாறு வயது, மூன்றாம் வருட ஆராய்ச்சி மாணவி, இருந்தாலும் வாண்டு. ஒன்பது நாளுக்கு முன்னால் அண்ணி கேட்டது சாதாரணமான கேள்விதான். "அந்தச் செல்லு இன்னும் வளருதா? ஒன்றரை வருஷம் ஆச்சே!" வாண்டு அன்று ஆய்வுக்கூடத்திலிருந்து நொந்து நூலாகி வந்திருந்தாள். நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது. "துணிக்கு நம்பர் போடுறவங்களுக்கு இதெல்லாம் புரியாது அண்ணி" என்று சொல்லிவிட்டாள்.

அண்ணி மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் குறி போடும் பிரிவில் இருக்கிறாள். வார்டு வார்டாக வரும் துணிகளுக்கு அழியாத மையில் எண் போட்டு, தன் குறியையும் பக்கத்தில் போடுவது அவள் வேலை. இந்த ஊருக்கு வந்த புதிதில், படிப்பு தொடங்கும்வரை போக்கிடமில்லாமல் நின்ற வாண்டை அங்கே அழைத்துப்போய்ச் சேர்த்துவிட்டதே அண்ணிதான். மூன்று மாதம் இருவரும் ஒரே மேஜையில் நின்று துணிக்கு நம்பர் போட்டார்கள். அதைத்தான் வாண்டு அன்று மறந்துபோனாள். சொன்ன மறுநொடியே ஞாபகம் வந்தது. ஆனால் வார்த்தை ஏற்கெனவே வாசல் தாண்டியிருந்தது.

"குடை எடுத்துக்கோ," என்று நீட்டிய அண்ணன், கைப்பிடியின் அடியைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "இதுல கூடவா?"

கைப்பிடியின் அடியில் மூன்று புள்ளி, கீழே ஒரு கோடு. சலவைக்கூடத்தில் அவளுக்குக் கிடைத்த குறி. யார் குறி போட்டது என்று தெரிவதற்காக அங்கே ஆளுக்கொன்று உண்டு. வேலையை விட்டு மூன்று வருடமாகியும் கை விடவில்லை. சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், செருப்பின் உள்பக்கம், எல்லாவற்றிலும் தன்னையறியாமல் போட்டுவிடுவாள்.

"பழக்கதோஷம்ணா."

"இன்னிக்கு நாலு மணிதானே?"

"ம்."

"நல்லா பண்ணு." பிறகு குரலைத் தாழ்த்தினான். "அவளும் வேண்டிக்கிட்டுதான் இருக்கா. என்கிட்ட சொல்லல. இருந்தாலும் எனக்குத் தெரியும்."

வாண்டு கண் கலங்குவதற்குள் வெளியே ஓடினாள். ஓடின வேகத்தில், நாலு மணிக்குப் போடவென்று அலமாரிக் கதவில் மாட்டியிருந்த கறுப்புக் கோட்டை மறந்துவிட்டாள்.

நாலு மணிக்கு என்ன என்று சொல்லிவிட வேண்டும். ஆராய்ச்சிக் குழு கூடுகிறது. வாண்டின் வேலை தொடரலாமா, கூடாதா என்று இன்று முடிவாகும்.

ஆராய்ச்சிக்கு அவள் எடுத்துக்கொண்டிருப்பது ஓர் அபூர்வப் புற்றுநோய். வருடத்துக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு வரும். தாயின் வயிற்றில் இருக்கும்போது நம் எல்லோருக்கும் முதுகுத்தண்டு உருவாக ஒரு மெல்லிய கயிறு வழிகாட்டுகிறது. பிறகு அது காணாமல் போய்விட வேண்டும். சிலருக்குத் துளி மிச்சம் தங்கிவிடுகிறது. அதில் சிலருக்கு, வயதான காலத்தில் அந்த மிச்சம் விழித்துக்கொள்கிறது. அதற்கென்று சரியான மருந்து இல்லை. தேடுகிறவர்களும் அதிகமில்லை, ஏனென்றால் சோதித்துப் பார்க்கச் செல்கள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் வளர்வதில்லை.

ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு முன் அவள் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு கடிதம் வந்தது. "நான் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவன். அடுத்த மாதம் என் முதுகிலிருந்து ஒரு கட்டியை எடுக்கப்போகிறார்கள். குப்பையில் போடுவதற்குப் பதில் யாருக்காவது பயன்படுமா?" எல்லோரும் படித்தார்கள். ஐயோ பாவம் என்றார்கள். பதில் எழுதியவள் வாண்டு ஒருத்திதான். அதுவரை எல்லோரையும் போல நுரையீரல் புற்றில் வேலை பார்த்து வந்தவள், அந்தப் பதிலோடு பாதை மாறிவிட்டாள்.

கடிகாரக்காரரின் கட்டியிலிருந்து அரிசி மணியளவு துண்டுகள். ஒன்றரை வருடம் அவற்றுக்குத் தீனி போட்டு, வெப்பம் பார்த்து, சீராட்டி, ஆறு தட்டுகளில் உயிரோடு வளர வைத்திருந்தாள். பத்து நாளைக்கு ஒருமுறைதான் பிரியும். பக்கத்து மேஜையில் நுரையீரல் செல் வளர்ப்பவனுக்கு ஒரே நாளில் இரட்டிப்பாகிவிடும். அவனும் காலையில் ஓடுவான், செல்களும் ஓடும். அதனால் அவனுக்கு ஓட்டக்காரன் என்று பட்டப்பெயர்.

குழு ஒரே ஒரு தாள் கேட்டிருந்தது. இவை நிஜமாகவே கடிகாரக்காரரின் செல்கள்தான் என்பதற்கு அடையாளப் பரிசோதனை அறிக்கை. உறைய வைத்த அவர் இரத்தத்தோடு, டி.என்.ஏ.வில் பதினாறு இடங்களை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பதினாறும் ஒத்துப்போனால் வேலை பிழைத்தது.

அறிக்கை ஒன்பதரைக்கு வந்தது.

பதினாறில் மூன்றுதான் ஒத்துப்போயிருந்தது.

கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: அனுப்பப்பட்ட செல்கள், பரவலாகப் பயன்படும் நுரையீரல் புற்றுச் செல்லோடு முழுமையாகப் பொருந்துகின்றன.

வாண்டு அதை மூன்று முறை படித்தாள். நாற்காலியில் உட்கார்ந்தபோது அது கொஞ்சம் பின்னால் உருண்டது. அதற்கும் ஓர் அர்த்தம் இருப்பது போலத் தோன்றியது.

மேடம் வந்து தோளில் கை வைத்தாள். ஆய்வுக்கூடத்தின் தலைவி அவள். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள்.

"இது நடக்கும். வேகமா வளர்ற செல் ஒண்ணு உள்ள விழுந்தா போதும், மெதுவா வளர்றதை மூடிடும். நீ ஒண்ணும் முதல் ஆள் இல்ல."

"மேடம், நான் தினம் மைக்ராஸ்கோப்ல பாக்குறேன். குமிழ் குமிழா இருக்கு. அவரோட செல் அப்படித்தான் இருக்கும்."

"கண்ணால பாத்தேன்னு சொன்னா குழுவுல எழுந்து போயிடுவாங்க. உனக்கே தெரியும்."

"தள்ளிப்போடச் சொல்லலாமா?"

"ரெண்டு தடவை தள்ளியாச்சு. மூணாவது கிடையாது." மேடம் பெருமூச்சு விட்டாள். "ஓட்டக்காரன் வேலையில சேர்ந்துக்கோ. நான் பேசுறேன். பட்டம் எப்படியும் வந்துடும்."

பட்டம் வந்துவிடும். கடிகாரக்காரருக்கு என்ன வரும்? மாதா மாதம் ஒரு வரி எழுதுவாரே, "என் குட்டிப் பிசாசுங்க எப்படி இருக்கு?" என்று, அதற்கு இனி என்ன பதில் எழுதுவது?

செல் வளர்க்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுவதற்கு அங்கேதான் ஆள் வராது. ஒரு வசதி, முகமூடி போட்டுக்கொண்டே அழலாம்.

பதினோரு மணிக்குக் கைப்பேசி அடித்தது. திரையில் அண்ணி.

ஒன்பது நாளில் முதல் தடவை.

"கோட்டு," என்றது குரல். வணக்கமும் இல்லை, வா போ என்பதும் இல்லை. "வாசல்ல வாங்கி வைக்க மாட்டாங்களாம். அட்டை மாட்டி உள்ள விட்டுட்டாங்க. எங்க இருக்க?"

வாண்டு நிமிர்ந்தாள். அறையின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், தாழ்வாரத்தில், சலவைக்கூடத்து நீலச் சட்டையில் அண்ணி நின்றாள். கழுத்தில் வருகையாளர் அட்டை. கையில் பிளாஸ்டிக் உறை போட்ட கறுப்புக் கோட்டு. இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி இருந்தது.

"உள்ள வரக்கூடாது அண்ணி. செல் இருக்கு."

"வரல. நான் என்ன விருந்துக்கா வந்தேன்?"

இரண்டடி தூரம், நடுவில் கண்ணாடி, காதில் கைப்பேசி. அப்படியே பேசினார்கள்.

"அழுதியா?"

"இல்ல."

"கண்ணு சிவந்திருக்கு."

"ஏசி."

"டாக்டரம்மா, நான் ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு துணி பாக்குறவ. கறை எது, ஈரம் எதுன்னு எனக்குத் தெரியும்."

அவ்வளவுதான். மடை திறந்துவிட்டது. வாண்டு எல்லாவற்றையும் கொட்டினாள். பதினாறில் மூன்று, நுரையீரல் செல், நாலு மணி. முடிந்ததும் அண்ணி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"பேரு எதுல எழுதி வைப்பீங்க?"

"தட்டு மூடியில. பேரு, தேதி, நம்பர் எல்லாம்."

"மூடியிலயா?" வெள்ளைத் துணிக்குள் யாரோ சிவப்புச் சட்டையைப் போட்டதைக் கண்டது போல அண்ணியின் முகம் மாறியது. "மூடியைக் கழட்டுவீங்களா மாட்டீங்களா?"

"தீனி மாத்தும்போது கழட்டித்தான் ஆகணும். எல்லாரும் மூடியிலதான் எழுதுவாங்க அண்ணி, எந்த லேப்லயும்."

"எங்ககிட்டயும் புதுசா வர்றவங்க பையிலதான் எழுதுவாங்க. அப்பறம் பையை அவுத்துக் கொட்டுவாங்க. ஏழாம் வார்டு பையில ஆபரேஷன் தியேட்டர் துணி வந்து நிக்கும். துணியில குறி இருந்தா தப்பிச்சோம். இல்லன்னா அன்னிக்கு முழுக்க மோந்து பாத்துத்தான் பிரிக்கணும்." அண்ணி கண்ணாடிக்கு நெருக்கமாக வந்தாள். "நீ சொல்றதைப் பாத்தா, செல்லு உள்ள விழுந்திருக்கணும்னு இல்ல. மூடி மாறியிருந்தாலும் இதே ரிப்போர்ட்தானே வரும்? நீ அடியில ஒண்ணுமே போடலயா? என் பக்கத்துல நின்னு வேலை பாத்தவளா நீ?"

வாண்டு கைப்பேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, புதுக் கையுறை மாட்டி, இன்குபேட்டரைத் திறந்தாள். தன் அடுக்கிலிருந்து ஒரு தட்டை எடுத்தாள். தளும்பாமல், மெதுவாக, தலைக்கு மேலே தூக்கினாள்.

அண்ணி அந்தப் பக்கத்திலிருந்து அண்ணாந்து பார்த்தாள்.

தட்டின் அடியில், ஓரமாக, கடுகு கடுகாக மூன்று புள்ளி. கீழே ஒரு கோடு.

அண்ணியின் உள்ளங்கை கண்ணாடியில் பதிந்தது.

"அது நான் குடுத்த குறி," என்றாள் அண்ணி. குரல் என்னவோ போல இருந்தது. உடனே சரி செய்துகொண்டாள். "நின்னுட்டு என்னைப் பாக்காத. எண்ணு."

ஆறு தட்டில் ஒன்று பரிசோதனைக்குப் போய்விட்டது. மீதி ஐந்து. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். ஐந்திலும் குறி இருந்தது.

"அப்ப அனுப்பினது?"

"அதை நான் அனுப்பல அண்ணி." வாண்டுக்கு இப்போதுதான் பொறி தட்டியது. "மூணு வாரம் முன்னாடி வியாழக்கிழமை, அண்ணன்கூட இங்க தங்குற அனுமதியை நீட்டிக்க ஆபீஸ்ல வரிசையில நின்னேனே? அன்னிக்கு இங்க இன்குபேட்டர் அலாரம் அடிச்சிருச்சு. ஓட்டக்காரன்தான் என் ஆறு தட்டையும் அவனோட பன்னெண்டு தட்டையும் தூக்கி வேற இடத்துல வச்சு, எல்லாத்துக்கும் தீனி மாத்தினான். என்னோட ஒரு தட்டை டெஸ்டுக்கும் அவன்தான் குடுத்தான்."

"அந்தப் புள்ளையக் கூப்பிடு."

ஓட்டக்காரன் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்தான். கண்ணாடிக்கு அப்பால் நீலச் சட்டைக்காரி ஒருத்தி இடுப்பில் கை வைத்து நிற்பதைப் பார்த்ததும், என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமலே முகத்தில் குற்ற உணர்ச்சி வந்துவிட்டது. வாண்டு கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டாள்.

"என் தட்டை அனுப்பும்போது அடியைப் பாத்தியா?"

"அடியை யார் பாப்பா? மூடியில உன் பேர் இருந்துச்சு."

"பதினெட்டு மூடியும் ஒரே நேரத்துல திறந்து வச்சியா?"

அவன் யோசித்தான். யோசிக்க யோசிக்க வெளுத்தான். "அலாரம் கத்திட்டே இருந்துச்சு. சீக்கிரம் முடிக்கணும்னு..."

"தம்பி," என்றது ஒலிபெருக்கி, "நீங்க எங்க இடத்துல இருந்தா முதல் நாளே சீட்டு கிழிஞ்சிருக்கும்."

"இவங்க யாரு?" என்று கிசுகிசுத்தான்.

"என் அண்ணி. உன் பன்னெண்டு தட்டு எங்க?"

"எல்லாத்துலயும் ஒரு மருந்தைப் போட்டுப் பாத்தேன், சோதனை போன வாரமே முடிஞ்சிருச்சு. பதினொண்ணுல மருந்து ஒண்ணுமே பண்ணல, என் செல் எல்லாம் கல்லு மாதிரி உக்காந்திருக்கு. ஒண்ணு மட்டும்..." நிறுத்தினான். "ஒண்ணு மட்டும் சுத்தமா செத்துப்போச்சு. ஆரம்பத்துலயே அதுல செல் கம்மியா இருந்துச்சு. நான்தான் ஒழுங்கா போடலன்னு நினைச்சேன். மேடத்துக்குக் காட்டலாம்னு குளிர்பெட்டியில வச்சிருக்கேன்."

"அதை எடுத்துட்டு வா," என்றாள் வாண்டு.

குளிர்பெட்டியிலிருந்து அவன் கொண்டு வந்தான். மூடியில் அவன் கிறுக்கல். வாண்டு தட்டைத் தலைகீழாகத் திருப்பவில்லை. மேலே தூக்கிக் கீழிருந்து பார்த்தாள்.

மூன்று புள்ளி. ஒரு கோடு.

"அப்படின்னா என் மருந்து..." என்று ஆரம்பித்தான் ஓட்டக்காரன்.

"சொல்லாத," என்றாள் வாண்டு. "ஒரே ஒரு தட்டு. உன் தீனி ஒத்துக்காமலும் செத்திருக்கலாம். வாயைத் திறக்காத."

பரிசோதனை அறையில் ஒரு பெண் இருக்கிறாள், எல்லோருக்கும் அவள் ரிப்போர்ட் அக்கா. வாண்டு இரண்டு குப்பிகளை நீட்டினாள். ஒன்றில் ஐந்து தட்டிலிருந்தும் எடுத்த உயிருள்ள செல்கள். இன்னொன்றில் செத்த தட்டிலிருந்து சுரண்டியது.

"நாலு மணிக்குள்ளயா? நான் என்ன மந்திரவாதியா?"

"நாலரை?"

"மனுஷிக்கு அஞ்சு மணி நேரமாவது ஆகும்மா. சாப்பாட்டைக் கூட விட்டுட்டுத்தான் பண்ணணும்."

"அக்கா."

ரிப்போர்ட் அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். குப்பிகளை வாங்கிக்கொண்டாள். "ஓடு. என் கண்ணு முன்னாடி நிக்காத."

தாழ்வாரத்தில் அண்ணி இல்லை. வேலை நேரம், போய்விட்டாள். கோட்டு மட்டும் கதவுக் கைப்பிடியில் தொங்கியது.

மூன்றரைக்கு ஓட்டக்காரன் வந்து பக்கத்தில் நின்றான். "என் பேரைச் சொல்லிடாத. மானம் போயிடும்."

"நானும் மூடியிலதானே எழுதினேன். உன் பேர் எதுக்கு?"

குழுவில் மூன்று பேர். மேடம், இன்னொரு பேராசிரியர், பிறகு எதிர்க்கட்சி. அவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் அது. எதைக் கொண்டுபோனாலும் எதிர்ப்பார். காபி நன்றாக இருக்கிறது என்றால்கூட எந்த அடிப்படையில் என்று கேட்பார்.

வாசலில் நின்று கோட்டை மாட்டும்போது கழுத்துப் பட்டையின் உள்பக்கம் வாண்டின் கண்ணில் பட்டது. அழியாத மையில், புதுசாக, மூன்று புள்ளி ஒரு கோடு. ஒன்பது நாள் பேசாமல் இருந்தவள், கோட்டைத் தேய்த்ததோடு நிற்காமல் குறியும் போட்டிருக்கிறாள். தொலைந்தால் திரும்பி வர வேண்டும் என்று.

உள்ளே போனாள்.

முதல் படமாக அவள் போட்டது காலையில் வந்த அறிக்கையை. பதினாறில் மூன்று. மேடத்தின் புருவம் உயர்ந்தது. எதிர்க்கட்சி கண்ணாடியைச் சரி செய்துகொண்டார்.

"இது இன்னிக்குக் காலையில வந்தது," என்றாள் வாண்டு. "எங்க லேப்ல மூடி மாறிடுச்சு. மூடியில மட்டும் விவரம் எழுதினது என் தப்பு. தட்டோட அடியில இருக்கிற குறியை வச்சு, எது எதுன்னு இப்ப பிரிச்சிருக்கேன். மறுபடி டெஸ்டுக்குக் குடுத்திருக்கேன், இன்னும் வரல. அதனால இந்த நிமிஷம் என்கிட்ட ஆதாரம் இல்ல. வேலையைக் காட்டுறேன். ஆதாரம் வரலன்னா, வேலையை நிறுத்தச் சொல்லுங்க."

"அப்ப எதுக்கு இங்க வந்த?" என்றார் எதிர்க்கட்சி.

"அதை மறைச்சுட்டு வந்தா, அதுக்கப்பறம் நான் காட்டுற எதையும் நீங்க நம்ப வேண்டியதில்லையே சார்."

எதிர்க்கட்சி கையை அசைத்தார், மேலே போ என்று.

போனாள். குமிழ் குமிழான செல்கள், பத்து நாளுக்கொருமுறை பிரிவது, ஒன்றரை வருடக் கணக்கு. எதிர்க்கட்சி குறுக்கே கேட்டார். இவள் சொன்னாள். மறுபடி கேட்டார். இவள் பலகையில் எழுதிக் காட்டினாள். பத்து நாளுக்கு ஒருமுறை பிரிகிற செல்லை வைத்துக்கொண்டு எப்போது முடிப்பாய் என்றார். "அதைவிட வேகமா வேலை செய்யக் கத்துக்கிட்டேன் சார்" என்றாள். இன்னொரு பேராசிரியர் சிரித்துவிட்டார். கடிகாரம் நாலரையைத் தாண்டியது. நாலே முக்கால். கடைசிப் படமும் முடிந்தது.

"ஆதாரம்?" என்றார் எதிர்க்கட்சி.

வாண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

அப்போது கதவு தட்டப்பட்டது. அனுமதி கேட்காமலே திறக்கவும் பட்டது. ரிப்போர்ட் அக்கா, மூச்சு வாங்க, கையில் பிரிண்டரின் சூடு ஆறாத இரண்டு தாள்.

"மன்னிக்கணும். லிஃப்ட் வரல. நாலு மாடி."

எதிர்க்கட்சிதான் கை நீட்டி வாங்கினார். ஒவ்வொரு எண்ணாகப் பேனா வைத்துப் பார்த்தார். வேண்டுமென்றே மெதுவாகப் பார்ப்பது போல இருந்தது. முதல் தாள். இரண்டாம் தாள். மறுபடி முதல் தாள்.

"பதினாறுக்குப் பதினாறு," என்றார். "ரெண்டுலயும்."

மேடம் மேஜையில் ஓங்கித் தட்டினாள். தண்ணீர்க் குவளை குதித்தது. இத்தனை வருடத்தில் அவள் அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை.

"உலகத்துல இந்தச் செல் எத்தனை பேர்கிட்ட இருக்கும்?" என்று கேட்டார் எதிர்க்கட்சி, குரல் கொஞ்சம் இறங்கி.

"கை விரல்ல எண்ணிடலாம் சார்."

"தொடரட்டும்," என்றார் மற்ற இருவரையும் பார்த்து. எதிர்க்காமல். பிறகு தாளைத் திருப்பிக் கொடுத்தபடியே, "அந்த அடிக்குறி, அது யார் யோசனை?"

"என் அண்ணியோடது சார். மருத்துவமனைச் சலவைக்கூடத்துல துணிக்குக் குறி போடுறாங்க."

எதிர்க்கட்சி குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். "நாளைக்கே ஒரு சுற்றறிக்கை அனுப்பச் சொல்லுங்க. இந்தக் கட்டடத்துல இனிமே எல்லாத் தட்டுக்கும் அடியிலயும் குறி."

ஆறு மணிக்கு, கட்டடத்தின் எதிரே பேருந்து நின்றது. ஓட்டுநர் இருக்கையில் அண்ணன். முன் இருக்கையில், வேலை முடிந்து ஏறிய அண்ணி, மடியில் பையோடு. இரண்டு பேரும் வாண்டின் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

வாண்டு படியில் ஏறி நின்றாள். சொல்ல வாய் வரவில்லை. பத்து விரலைக் காட்டினாள், பிறகு ஆறு.

அண்ணன் கதவை மூடக்கூட மறந்து ஒலிபெருக்கியை எடுத்துவிட்டான். "பயணிகள் கவனத்துக்கு. வண்டி ஒரு நிமிஷம் தாமதமா கிளம்பும். ஏன்னா என் தங்கச்சி பாஸ் பண்ணிட்டா." பின் இருக்கையில் யாரோ கை தட்டினார்கள். பிறகு பேருந்தே கை தட்டியது.

"பாஸ் இல்லண்ணா, அது வந்து..."

"சும்மா இரு. இவங்களுக்கு அது போதும்."

வாண்டு அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்பது நாளாக ஒத்திகை பார்த்த மன்னிப்பு வாய்வரை வந்தது.

"அண்ணி, அன்னிக்கு நான் சொன்னது..."

"சொன்னல்ல?" அண்ணி ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். "நாளைக்கு உன் துணி எல்லாத்தையும் நீயே தேய்ச்சுக்கோ. அதோட சரியாப்போச்சு."

"சுற்றறிக்கை போடப்போறாங்க. உங்களாலதான்."

"யாரு?"

"பெரிய பேராசிரியர். எல்லாரும் அடியில குறி போடணுமாம்."

அண்ணி முன்னால் குனிந்து, "ஏங்க," என்றாள் கணவனிடம், "உங்க தங்கச்சிகிட்ட ஒண்ணு கேக்கணும். துணிக்கு நம்பர் போடுறவளுக்கு இதெல்லாம் புரியுமான்னு கேட்டுச் சொல்லுங்க."

"நேரா கேட்டுக்கோங்க," என்றான் அண்ணன். "நான் ராஜினாமா பண்ணிட்டேன்."

மூவரும் சிரித்தார்கள். வாண்டு சிரித்தபடியே கைப்பேசியை எடுத்துக் கடிகாரக்காரருக்கு எழுதினாள். "உங்கள் குட்டிப் பிசாசுகள் உங்களுடையவைதான். இன்று நிரூபித்துவிட்டோம். வேலை தொடரும்." அனுப்பினாள்.

இரண்டாவது வரியையும் எழுதிவிட்டாள். "அவற்றில் ஒரு தட்டை ஏதோ ஒரு மருந்து கொன்றிருக்கிறது." விரல் அனுப்பும் பொத்தானுக்கு மேலே நின்றது.

அண்ணி எட்டிப் பார்த்தாள். "அது நிச்சயமா?"

"இல்ல. ஒரு தட்டுதான். இன்னும் மூணு தடவையாவது பண்ணிப் பாக்கணும். மாசக்கணக்கு ஆகும்."

"அப்ப அழி."

வாண்டு ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். கடைசி எழுத்து மறைந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. பதில் செய்தியில்லை, அழைப்பு. இரண்டு வருடத்தில் ஒருமுறைகூட அவர் பேசியதில்லை, எழுதத்தான் செய்வார்.

"ஹலோ?" என்றாள்.

"நல்ல செய்தி சொன்னம்மா." குரல் அவள் நினைத்ததைவிட இளமையாக இருந்தது. பின்னணியில் ஏகப்பட்ட கடிகாரங்கள் ஒன்றோடொன்று சேராமல் ஓடிக்கொண்டிருந்தன. "எனக்கும் இன்னிக்கு ஒரு ரிப்போர்ட் வந்துச்சு. முதுகுல மறுபடி சின்னதா ஒரு நிழல் தெரியுதாம். நான் பயப்படல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். உண்மையைச் சொல்லு. அந்தப் பிசாசுங்க இதுவரைக்கும் எதுக்காவது பயந்திருக்கா?"

பேருந்து சிவப்பு விளக்கில் நின்றது. அண்ணியின் கை, வாண்டின் கையை இறுக்கிப் பிடித்தது.